பதினொரு சனிக்கிழமைகளும் "தானாகவே கற்ற" ஓவியரும்

நீலப்பென்சில் (வெள்ளவத்தை), காலை 9.12

நேற்று இந்த இணைய மன்றத்தில் "தன்வழித்தூரிகை" என்ற அன்பர் எழுதியதை மூன்று முறை படித்தேன். "நான் எந்த வகுப்பு வாசலையும் மிதித்ததில்லை, ஒரு மடிக்கணினியும் பேனாவால் வரையும் ஒரு டெப்லட்டும் இருந்தால் எவரும் ஓராண்டில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வரைந்து டொலரில் சம்பாதிக்கலாம்" என்பது அவர் வாக்கு. கீழே நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள். அவர்களுள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் இருப்பதால் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. 2014 இல், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவரின் வீட்டு மேல்மாடியில், மூன்று மாத வகுப்பொன்றில், பதினொரு சனிக்கிழமைகள் என் பக்கத்து வாங்கில் இருந்து பென்சில் சீவியவர் இவர். வாசலை மிதிக்காமல் மேல்மாடிக்கு எப்படி ஏறினார் என்பதை அவரே விளக்கட்டும்.

தன்வழித்தூரிகை, காலை 10.05

நீலப்பென்சில் அவர்களின் நினைவாற்றலை மெச்சுகிறேன், கணக்குத்தான் பிழை. நான் போனது எட்டுச் சனிக்கிழமைகள். அந்த எட்டிலும் ஒரு மண்சாடியையும் இரண்டு வாழைப்பழங்களையும் கரித்துண்டால் வரைந்தோம். அதை வகுப்பு என்று எண்ணினால், அம்மம்மா வாசலில் கோலம் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் கலைக்கல்லூரி என்று எண்ண வேண்டிவரும். நான் இன்று பிழைக்கும் தொழில் அங்கே கிடைத்ததல்ல. 2016 இல் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில், யாரோ பாவித்துக் கழித்த வக்கொம் டெப்லட் ஒன்றை வாங்கினேன். போட்டோஷொப்புக்கு மாதச் சந்தா கட்ட வசதியில்லாததால் இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற வரைதல் மென்பொருளை இறக்கினேன். கையை மேசையிலும் கண்ணைத் திரையிலும் வைத்து ஒரு கோட்டை ஒழுங்காக இழுக்கப் பழகவே இரண்டு மாதங்கள் சென்றன. லேயர்களை (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்களை) எப்படிப் பிரிப்பது, கோடு ஒன்றிலும் நிறம் வேறொன்றிலுமாக வைத்தால் திருத்தம் கேட்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகும், பேனாவின் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கும் அளவை எங்கே மாற்றுவது என்பவற்றையெல்லாம் நள்ளிரவுக்குப் பிறகு, இரவுநேர டேட்டாவில், யூடியூப் பார்த்துப் பழகினேன். இதைத்தான் தானாகக் கற்றது என்கிறேன்.

நீலப்பென்சில், காலை 10.31

பதினொன்று. மண்சாடியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் மூன்றாம் வாரத்தை வசதியாக மறந்துவிட்டார். அன்று ஆசிரியர் எங்களை யன்னலருகே நிறுத்தி, ஒழுங்கையின் இருபக்க மதில்களும் கடலை நோக்கி ஒடுங்கி ஒரு புள்ளியில் சேர்வதைக் காட்டினார். ஐந்தாம் வாரம், கீழே முச்சக்கரவண்டியில் சாய்ந்து நின்ற ஒருவரை, அவர் அசைவதற்குள் முப்பது செக்கனில் தாளில் பிடிக்கச் சொன்னார். இவர் இன்று விற்கும் ஒவ்வொரு தெருக்காட்சியிலும் அந்த மதில்கள்தான் நிற்கின்றன. கிரிட்டா கோட்டின் நடுக்கத்தை அடக்கித் தரும். சாய்ந்து நிற்பவரின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதை அது சொல்லித் தராது. எட்டு என்று குறைத்துச் சொல்வதற்குக் காரணம், எட்டு சின்ன எண்ணாகத் தெரிவதுதான்.

அச்சுக்கூடத்தார் (மருதானை), காலை 11.20

பிள்ளைகளே, எட்டோ பதினொன்றோ, அச்சுக்கு எப்படிக் கோப்புக் கொடுப்பது என்று எந்த வாரத்திலும் ஒருவரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்பது எனக்குத் தெரியும். 27 ஆண்டுகளாக அந்தக் கோப்புகளைத் திறப்பவன் நான். திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் நிறம் தீட்டுகிறது. திரையில் எரியும் மயில்நீலம் தாளில் இறங்கும்போது கழுவிய சட்டைபோல் ஆகிவிடும். வாடிக்கையாளர் ஓவியரை ஏசமாட்டார், என்னைத்தான் ஏசுவார். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட வேண்டுமானால் 2480 க்கு 3508 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைத் தந்துவிட்டு "கொஞ்சம் பெரிதாக்குங்கள் அண்ணை" என்றால் நான் எங்கே போவேன்? நான்கு பக்கமும் வெட்டுக்கென 3 மில்லிமீற்றர் கூடுதலாக வரைந்து தர வேண்டும் என்பது பாதிப்பேருக்குத் தெரியாது. அது கிடக்கட்டும். நீங்கள் சொல்லும் அந்த மூன்று மாதங்களில் சனிக்கிழமையன்று போயா (முழுமதி நாள் விடுமுறை) ஏதும் வந்ததா?

தன்வழித்தூரிகை, காலை 11.34

வந்தது. அன்று வகுப்பு இல்லை. நன்றி அண்ணை.

நீலப்பென்சில், காலை 11.41

மூன்று மாத வகுப்பு பன்னிரண்டு சனிக்கிழமைகளில் நடப்பதாக இருந்தது. போயாவைக் கழித்தேன். மீதி பதினொன்று. கழித்தலாவது பாடசாலையில் கற்றாரா, அதையும் யூடியூப்பில்தான் கற்றாரா?

வெறும்வாசகி, நண்பகல் 12.08

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கனடாவில் உள்ள ஒரு சிறு பதிப்பாளர் 32 பக்கச் சிறுவர் நூலுக்குப் படம் கேட்கிறார். நானும் வகுப்புக்குப் போகாமல் பழகியவள்தான். விலையை எப்படிச் சொல்வது, படத்தின் உரிமை யாருக்கு என்று யாராவது சொல்வீர்களா? இன்றிரவு அவருக்குப் பதில் அனுப்ப வேண்டும்.

கொட்டாஞ்சேனையான், பிற்பகல் 1.15

கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் படித்துவிட்டு வந்தவன் என்ற முறையில் இந்த விவாதம் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. எட்டும் கல்வியல்ல, பதினொன்றும் கல்வியல்ல. எனக்கு உறுத்துவது வேறு. தன்வழித்தூரிகை தன் பழைய பதிவொன்றில், பைவர் என்ற இணைய வேலைத்தளத்தில் முதற் படத்தை 5 டொலருக்கு வரைந்ததாகப் பெருமையோடு எழுதியிருந்தார். அந்தத் தளம் விற்பவரின் கூலியில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கையில் வருவது 4 டொலர். ஒரு முகத்தைப் பார்த்து வரைந்து, நிறம் தீட்டி, இரண்டு தரம் திருத்திக் கொடுக்க எட்டு மணித்தியாலம் எடுத்தால் மணிக்கு அரை டொலர். இந்த விலையில் ஒருவர் வரைந்து கொடுத்தால், அடுத்து வருபவர் 40 டொலர் கேட்கும்போது வாடிக்கையாளர் சிரிப்பார். சந்தையைக் கெடுத்துவிட்டு, வாருங்கள் என்று பிள்ளைகளை அழைப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

தன்வழித்தூரிகை, பிற்பகல் 1.52

பட்டம் பெற்றவர் மணிக்கணக்குப் பார்க்கிறார். எனக்கு அப்போது பார்க்க வேண்டியிருந்தது வாடிக்கையாளர்கள் எழுதும் நட்சத்திரக் குறிப்புகளை. ஒன்றுமில்லாத கணக்குக்கு எவரும் வேலை தருவதில்லை. முதல் பத்துப் படங்களும் விலைக்கு வரைந்தவை அல்ல, பெயர் தெரியவருவதற்கு வரைந்தவை. அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து பேபால் என்ற இணையப் பணச் சேவையில் பணம் செலுத்தலாம், பெற முடியாது. அதற்கு மாற்றான பயோனியர் பணச் சேவையின் அட்டை தபாலில் வந்து சேரும்வரை அந்தப் பணமும் திரையில் ஓர் எண்ணாகவே கிடந்தது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் போனபோது, நண்பர் ஒருவரின் கடை ஜெனரேற்றரில் மடிக்கணினியைக் கொழுவி வேலை முடித்துக் கொடுத்தேன். பல்கலைக்கழகம் அதற்குப் பாடம் வைத்ததா? ஓவியர் ஜோர்ஜ் கீற் எந்தக் கலைக்கல்லூரியில் படித்துவிட்டுப் பொரளை கோதமி விகாரையின் சுவர்களை வரைந்தார்?

கொட்டாஞ்சேனையான், பிற்பகல் 2.10

கீற்றின் பெயரை இழுக்காமல் இந்த நாட்டில் ஓவியச் சண்டை முடியாது என்பது எனக்குத் தெரியும். அவர் இருந்த, 1943 இல் தொடங்கிய ஓவியர் கூட்டமான அதே 43 குழுவில் ஜஸ்டின் தரணியகல இலண்டன் ஸ்லேட் கல்லூரியில் படித்தவர். ஹரி பீரிஸ் அதே நகரின் றோயல் கலைக்கல்லூரியில் படித்தவர். ஒரே குழுவில் தமக்கு வசதியானவரை மட்டும் பொறுக்கி எடுப்பதைச் சான்று என்று சொல்வதில்லை.

நீலப்பென்சில், பிற்பகல் 2.26

கீற்றுக்கும் சித்திரக்கலைப் பரிசோதகராக இருந்த வின்சரின் ஊக்கம் கிடைத்தது. எனவே கீற்றை விடுங்கள். கீற் எங்கள் மேல்மாடிக்கு வரவில்லை. வந்தவர் வேறொருவர், அவர் வந்தது பதினொரு சனிக்கிழமைகள். ஐந்து டொலரைப் பற்றி நானும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 இல் ஒரு விளம்பரத் தொடருக்கு நான் 120 டொலர் கேட்டு, வாடிக்கையாளர் ஏறக்குறைய உடன்பட்டிருந்த நிலையில், "உங்கள் ஊரிலேயே ஒருவர் 40 டொலருக்கு வரைகிறாராம்" என்று ஒரு மடல் வந்தது. இணைத்திருந்த மாதிரிப்படத்தைத் திறந்தேன். இருபக்க மதில்கள் கடலை நோக்கி ஒடுங்கி நின்றன.

தன்வழித்தூரிகை, பிற்பகல் 2.40

ஆக, இதுதான் விடயம். இத்தனை ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்ததைச் சனிக்கிழமைக் கணக்கு என்ற பெயரில் கொட்டியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட தொகை எனக்குத் தெரியாது. வேலைக்கான அழைப்பு எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. மதில் ஒருவருக்குச் சொந்தமானதல்ல.

நீலப்பென்சில், பிற்பகல் 2.58

இரண்டையும் கலக்க வேண்டாம். அந்த வேலையை நான் என்றோ மறந்துவிட்டேன். மறக்க முடியாதது, ஒருவர் தனக்குக் கற்பித்தவரை வாழைப்பழமாகச் சுருக்கிவிட்டு எட்டு என்று எழுதுவது. அந்த ஆசிரியர் இப்போது இல்லை. இருந்திருந்தால் இதைப் படித்துச் சிரித்திருப்பார், அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடுகிறது. இந்தத் தொழிலில் யாரும் முழுக்கத் தனியாக நிற்பதில்லை. யூடியூப்பில் லேயர் காட்டியவர் ஒருவர், கிரிட்டாவைக் கூலி வாங்காமல் எழுதிக் கொடுத்தவர்கள் பலர், ஜெனரேற்றர் தந்த நண்பர் ஒருவர். இவர்கள் எல்லோருக்கும் இவர் பதிவில் இடம் இருக்கிறது. மேல்மாடிக்கு மட்டும் இல்லை.

அச்சுக்கூடத்தார், பிற்பகல் 3.30

தங்கச்சி, கோபத்தைக் கொஞ்சம் ஒருபக்கம் வையுங்கள். அந்தப் பிள்ளை உரிமையைப் பற்றிக் கேட்டிருந்ததே. பணம் கொடுத்து வரைவித்தால், படம் பணம் கொடுத்தவருக்குத்தானே சொந்தம்? நாங்கள் அச்சகத்தில் அப்படித்தான் செய்துவருகிறோம். மயில் படம் உள்ள பழைய கோப்பை எடுத்து நிறத்தை மாற்றி அடுத்த கலியாண அழைப்பிதழுக்கும் போடுவோம், இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

நீலப்பென்சில், பிற்பகல் 3.47

அண்ணை, ஒருவரும் கேட்காதது சட்டமாகிவிடாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் தம் வேலையின்போது வரைந்தால்தான், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவிடத்து, பொருளாதார உரிமை முதலாளிக்குப் போகிறது. சுயாதீனமாக வரைபவர் உங்கள் சம்பளப் பட்டியலில் இருப்பவரல்ல. அந்த உரிமை வரைந்தவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். நீங்கள் நிறம் மாற்றிய மயில்களின் சொந்தக்காரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

அச்சுக்கூடத்தார், பிற்பகல் 3.55

மயில் தமிழ்நாட்டுக் கலண்டர் ஒன்றில் இருந்தது. அதை எவர் வரைந்தார் என்று எனக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனையான், பிற்பகல் 4.20

இதையும் பதிவில் எழுதிவைத்துவிட்டீர்களே அண்ணை. போகட்டும். வரைபவர்கள் வரியைப் பற்றியும் பேசுங்கள். வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி வங்கி வழியாக வரும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் வரி உண்டு. உச்ச வீதம் 15 சதவீதம், ஆண்டுக்கு 1,800,000 ரூபாய் வரை விலக்கு. "எவரும் டொலரில் சம்பாதிக்கலாம்" என்ற பதிவில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

தன்வழித்தூரிகை, பிற்பகல் 4.45

மணிக்கு அரை டொலர் வாங்குபவன் என்று மதியம் என்னை எழுதியவர், மாலையில் எனக்கு 18 இலட்சத்துக்கு மேல் வருமானம் இருப்பதாகக் கவலைப்படுகிறார். இரண்டில் எது என்று முதலில் முடிவு செய்யட்டும். நீலப்பென்சிலுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று சனிக்கிழமைகள் எனக்குக் காய்ச்சல். டெங்கு என்று இரத்தப் பரிசோதனை செய்தார்கள். அந்த மூன்றையும் நீங்கள் கழிக்கவில்லை.

நீலப்பென்சில், மாலை 5.02

காய்ச்சல் வந்தது வகுப்புகள் முடிந்த பிறகு. பார்க்க வந்தவர்களுள் நானும் ஒருத்தி. தோடம்பழம் கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? பற்றுச்சீட்டுப் புத்தகம் ஆசிரியரின் மகளிடம் இருக்கிறது. கேட்டிருக்கிறேன்.

தன்வழித்தூரிகை, மாலை 5.09

பற்றுச்சீட்டில் மூன்று மாதம் என்றுதான் இருக்கும். எத்தனை நாள் வந்தேன் என்று இருக்காது. எட்டு.

வெறும்வாசகி, மாலை 6.30

கனடாவில் விடிந்துவிட்டது. யாராவது விலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் உதவியாக இருக்கும்.

நீலப்பென்சில், மாலை 6.48

தங்கச்சி, நூல் முழுவதற்கும் ஒரே தொகையாகச் சொல்ல வேண்டாம். முதலில் ஒரு விரிபக்கத்தை (எதிரெதிரான இரு பக்கங்களை) வரைந்து பார்த்து, எத்தனை மணித்தியாலம் சென்றது என்று எழுதிவைத்துவிட்டு, அதிலிருந்து எண்ணுங்கள். தொகையில் பாதியை முன்பணமாக வாங்குங்கள். பென்சில் நிலையில் இரண்டு திருத்தம், நிறம் தீட்டிய பின் ஒன்று, அதற்கு மேல் கேட்டால் தனிக் கட்டணம் என்று மடலில் எழுதிவிடுங்கள். அச்சு நூலுக்கு மட்டுமா, மின்னூலுக்கும் பொம்மைக்கும் சட்டைக்கும் சேர்த்தா என்று கேட்காமல் ஒரு கோட்டையும் கொடுக்காதீர்கள். என்னிடம் ஒரு ஒப்பந்த மாதிரி இருக்கிறது. ஆனால் அதை இங்கே இட்டால், "இதையும் தானாகவே கற்றேன்" என்று நாளை ஒருவர் எழுதுவார். எட்டைப் பதினொன்று என்று அவர் திருத்தட்டும். அடுத்த நிமிடம் போடுகிறேன்.