என் நீட்சியை அணைக்க அவர்கள் யார்?

மழைத்தூறல்:
காலையில் உலாவியைத் திறந்தால் விளம்பரத் தடுப்பானைக் காணோம். உலாவியோடு நாமே சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்தானே நீட்சி, இதுவும் அப்படி ஒன்று. பட்டியலில் போய்ப் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. இனி ஆதரவு இல்லையாம். எதையெல்லாம் தடுக்க வேண்டும் என்று ஆறு வருடமாக நானே எழுதிச் சேர்த்த வடிகட்டி விதிகள் அதற்குள் இருக்கின்றன. அணைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டார்களா?

பூட்டுச்சாவி:
கோபம் நியாயம்தான். ஆனால் அந்த அதிகாரம் உலாவியிடம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தி கிரேட் சஸ்பெண்டர் ஞாபகம் இருக்கிறதா? சும்மா திறந்து கிடக்கும் டேப்களைத் தூங்கவைக்கும் நீட்சி. 2020இல் அதை உருவாக்கியவர் விற்றுவிட்டார், வாங்கியது யாரென்றே தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் தீம்பொருள் என்று சொல்லி கூகுள் அதை எல்லோருடைய குரோமிலும் அணைத்தது. ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டிருந்தால் பாதிப் பேர் படிக்காமலே 'பிறகு' என்று அழுத்தியிருப்பார்கள்.

மழைத்தூறல்:
அணைத்தபோது தூங்கிக்கொண்டிருந்த டேப்களும் சேர்ந்து போயின, அதையும் சொல்லுங்கள். சரி, திருடனைப் பிடிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. குரோமில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் என்ன திருடியது? நீட்சிகள் எப்படி இயங்க வேண்டும் என்ற விதித்தொகுப்பில் மேனிஃபெஸ்ட் வி2 பழசு, வி3தான் இனி என்றார்கள். 2024இல் அணைக்கத் தொடங்கினார்கள், 2025இல் மறுபடி இயக்கும் வழியையும் அடைத்தார்கள். விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனம் பாதுகாப்பு என்று சொன்னால் நான் அப்படியே நம்ப வேண்டுமா?

எட்டுக்கால்:
கெட்ட எண்ணமே இல்லாமலும் இது நடக்கும். 2019 மே 4 அன்று ஃபயர்பாக்ஸில் ஒரு இடைநிலைச் சான்றிதழ் காலாவதியானது. நீட்சி ஒப்புதல் பெற்றதுதான் என்று காட்டும் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் சங்கிலியில் அது ஒரு கண்ணி. அது அறுந்ததும் உலகம் முழுக்க நீட்சிகள் கொத்துக்கொத்தாக அணைந்தன. அடையாளம் மறைத்து உலாவ உதவும், ஃபயர்பாக்ஸை அடிப்படையாகக் கொண்ட டோர் உலாவியில், வலைப்பக்க நிரல்களைத் தடுக்கும் நோஸ்கிரிப்ட் நீட்சியும் போனது. அதை நம்பி ஆபத்தான இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது விளம்பரத் தொல்லை மட்டுமா? அவசரத் தீர்வு, ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா சோதனை மாற்றங்களை அனுப்பும் 'ஆய்வுகள்' என்ற வசதி வழியாக வந்தது. தனியுரிமைக்காக அதை அணைத்து வைத்திருந்தவர்கள் 66.0.4 என்ற புதிய பதிப்பு வரும்வரை காத்திருந்தார்கள். எச்சரிக்கையாக இருந்ததற்குத் தண்டனை!

பூட்டுச்சாவி:
அது கவனக்குறைவு, மறுக்கவில்லை. ஆனால் கையொப்பம் ஏன் வந்தது? வேறு மென்பொருளை நிறுவும்போது கூடவே நீட்சிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. மைக்ரோசாஃப்ட்டே 2009இல் டாட்நெட் என்ற தன் மென்பொருள் தளத்தின் புதுப்பிப்போடு ஒரு நீட்சியை ஃபயர்பாக்ஸுக்குள் சத்தமில்லாமல் வைத்தது. அக்டோபரில் மொசில்லா அதைத் தொலைவிலிருந்தே முடக்கியது. உள்ளே வந்ததற்கு யார் சம்மதம் கேட்டார்கள்?

எட்டுக்கால்:
அப்படியானால் விவரம் தெரிந்தவருக்கு ஒரு சுவிட்ச் கொடுங்கள். ஃபயர்பாக்ஸ் டெவலப்பர் பதிப்பில் கையொப்பச் சோதனையை நிறுத்த முடிகிறது. விண்டோஸில் சாதாரணப் பதிப்பில் அதே அமைப்பை மாற்றினால் ஒன்றும் நடப்பதில்லை.

பூட்டுச்சாவி:
நீங்கள் தட்டக்கூடிய சுவிட்சை உங்கள் கணினியில் புகுந்த தீம்பொருளும் தட்டும். அதனால்தான் கொடுப்பதில்லை.

எட்டுக்கால்:
கணினிக்குள்ளேயே புகுந்துவிட்ட தீம்பொருளுக்கு நீட்சி எதற்கு? உலாவியையே மாற்றி வைத்துவிட்டுப் போகும்.

பூட்டுச்சாவி:
எல்லாத் திருடனும் அவ்வளவு உழைக்கமாட்டான். சரி, ஒன்று ஒப்புக்கொள்கிறேன். தீம்பொருள் என்றால் உடனே அணைக்கட்டும். கொள்கை மாறியதால் என்றால், உள்ளே இருப்பதை ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ள வழி தந்துவிட்டு அணைக்க வேண்டும்.

மழைத்தூறல்:
இதைத்தானே காலையிலிருந்து சொல்கிறேன்! அப்புறம், என் விதிகளை மீட்க வழி உண்டா?

எட்டுக்கால்:
'நீக்கு' பொத்தானை மட்டும் தொடாதீர்கள். அணைந்தாலும் நீட்சியின் தரவு வட்டில் இருக்கும், நீக்கினால்தான் போகும்.

மழைத்தூறல்:
மறுபடி நிறுவிப் பார்க்கலாம் என்று ஒரு மணி நேரம் முன்னால்தான் நீக்கினேன்.