ஒரே ரயில்: போகும்போது மூன்று சோதனை, வரும்போது ஒன்றுமில்லை. ஏன்?

தையல்காரன்:
வேலைக்காக மாதம் இரண்டு முறையாவது ரயில் ஏறுகிறவன் நான். பையில் எப்போதும் 10 அங்குலத் துணிக் கத்தரி இருக்கும். போன வாரம் பெரிய நிலையத்தில் ஏறினேன். ஸ்கேனரில் கத்தரி தெரிந்ததும் பையை முழுக்கக் கொட்டச் சொன்னார்கள். அளவு நாடா, சுண்ணக்கட்டி எல்லாம் காட்டி நம்பவைத்து முடிப்பதற்குள் ரயில் கிளம்ப 4 நிமிடம்தான் பாக்கி. ஓடிப்போய் உட்கார்ந்தால், டிக்கெட்டை மூன்று பேர் மூன்று முறை பார்த்தார்கள்.

திரும்பும்போதும் அதே ரயில்தான். ஏறியது மட்டும் ஒரு சின்ன நிலையம். ஸ்கேனர் இல்லை, காவலர் இல்லை, ஆறு மணி நேரத்தில் ஒருவர்கூட டிக்கெட் கேட்கவில்லை. கத்தரி என் மடியில் இருந்த பையிலேயே இருந்தது. வம்பு செய்ய நினைப்பவன் சின்ன நிலையத்தில் ஏறமாட்டானா?

பழைய பரிசோதகர்:
தம்பி, பையைப் பார்ப்பவர் வேறு, டிக்கெட் பார்ப்பவர் வேறு. முன்னவருக்குப் பாதுகாப்பு, பின்னவருக்கு வருமானம். நான் பின்னவன், இப்போது ஓய்வு. வழியில் ஆள் மாறினால், முந்தியவர் பார்த்தாரா என்பது அடுத்தவருக்குத் தெரியாது, மறுபடி கேட்பார். உங்கள் மூன்று முறைக்கு அதுதான் காரணமாக இருக்கும். கேட்காமல் விடுவதற்கும் காரணம் உண்டு. எந்த இருக்கை விற்றிருக்கிறது என்பது கையில் இருக்கும் கருவியிலேயே தெரியும். ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்செனில், முன்பதிவு இருக்கையில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பவரை நடத்துநர் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. சில நேரம் கூட்டத்தில் ஒரே பெட்டியில் மாட்டிக்கொண்டு மற்றதைப் பார்க்காமலும் விட்டிருக்கிறோம், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஜன்னலோரம்:
ஸ்பெயினைப் பாருங்கள். 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட்டில் குண்டு வெடித்தது புறநகர் ரயில்களில். 190 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் அங்கே பை ஸ்கேனருக்குள் போவது அதிவேக ரயில் பயணிகளுக்குத்தான், புறநகர் ரயிலுக்கு இல்லை. காலை அவசரத்தில் அத்தனை பேரையும் நிறுத்தினால், வாசலில் நிற்கும் வரிசையே குண்டு வைப்பவனுக்கு வசதியாகிவிடும். பாரிஸிலிருந்து லண்டன் போகும் யூரோஸ்டார் ரயில் கடலைக் கடக்க 50 கி.மீ. சுரங்கத்துக்குள் போகிறது, அதனால் விமான நிலையம் மாதிரி சோதனை. அதே நிலையத்தில் புறநகர் ரயிலுக்குப் பையை யாரும் திறக்கச் சொல்வதில்லை. ஜெர்மனியில் நடைமேடைக்குப் போகக் கதவே கிடையாது. டிக்கெட்டை ரயிலுக்குள்தான் பார்க்கிறார்கள்.

தையல்காரன்:
டிக்கெட் விஷயம் புரிந்தது ஐயா. ஸ்கேனர் விஷயம் இன்னும் ஒட்டவில்லை. சுரங்கத்துக்குச் சோதனை, சரி. நான் போனது வெறும் வயல்வெளி. பெரிய நிலையத்தில் வாங்கிய மிஷினை ஓட்டவேண்டும் என்று ஓட்டுகிறார்களோ என்றுதான் தோன்றுகிறது.

பழைய பரிசோதகர்:
அதுவும் இருக்கலாம்! கத்தரிக்கு ஒரு உறை தைத்து, நாடாவோடு சேர்த்துப் பையின் மேலாக வையுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் முன்னதாகவும் போய்விடுங்கள்.

தையல்காரன்:
உறை தைக்க ஆரம்பித்துவிட்டேன். ஊருக்கெல்லாம் தைக்கிறவனுக்கு இது இத்தனை நாள் தோன்றவில்லை பாருங்கள்.