கிரிப் என்பதற்குத் 'தடப்பிடிப்பு': காடிக் கார் டயர்ச் சொற்கள்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காடிக் கார் (ஸ்லாட் கார்) டயர்களுக்காக நாம் உருவாக்கிவரும் தமிழ்ச் சொற்பட்டியலில், டயர் வழுக்காமல் நிற்பதைச் சொல்லும் 'கிரிப்' என்பதற்குப் பிடிப்பு, பற்றுமை, இழுவை, உராய்வுத்திறன் என்று நான்கு பரிந்துரைகள் இந்த இழையில் வந்துள்ளன. ஐந்தாவதாக நான் 'தடப்பிடிப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். தனியே 'பிடிப்பு' ஏன் போதாது, அதற்கு முன்னால் 'தடம்' எதற்கு என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டயர்களை ஒப்பிடும்போது எழும் குழப்பங்களில் பெரும்பகுதி, இந்தப் பண்பு டயருக்கு மட்டும் உரியது என்று எண்ணிக்கொள்வதால்தான் வருகிறது.

இழைக்குப் புதியவர்களுக்காக ஒரு குறிப்பு. ஸ்லாட் கார் என்பது தடத்தில் வெட்டிய காடிக்குள் தன் வழிகாட்டியை (அடியில் நீட்டிய சிறு தகட்டை) இறக்கி, காடியின் இரு மருங்கிலும் பதித்த உலோகப் பட்டைகளிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் சிறு பந்தயக் கார். ஓட்டுபவரின் கையில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு விசை மட்டுமே உண்டு. திசையைக் காடி பார்த்துக்கொள்வதால், வளைவில் கார் நிற்குமா, வால் வீசுமா, காடியைவிட்டு எகிறுமா என்பதை முடிவு செய்வதில் பின் டயர்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பலகையில் தச்சர்கள் எடுக்கும் பள்ளத்துக்குரிய 'காடி' என்ற சொல்லை நாம் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஈழத்து நண்பர் தந்த 'தவாளிப்பு' இணைச்சொல்லாகப் பட்டியலில் இருக்கிறது.

இனி விவாதத்துக்கு வருகிறேன். ஃபிரெட் ஃபிரான்சிஸ் 1957இல் பிரிட்டனில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற காடிக் கார்த் தொகுப்பை அறிமுகப்படுத்தியபோது அதன் தடமே ரப்பரால் ஆனதாக இருந்தது. பின்னர் வார்ப்பு பிளாஸ்டிக் தடங்கள் வந்தன. இன்று ஸ்கேலெக்ஸ்ட்ரிக்கின் தடம் வழவழப்பானது, ஸ்பெயினின் நின்கோ தடம் சொரசொரப்பானது, ஜெர்மனியில் தோன்றிய கரேராவின் தடம் அகலமும் விறைப்பும் கொண்டது. காடிக் கார் மன்றங்கள் பலவற்றில் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் ரவுட்டர் என்னும் மரவேலைப் பொறியால் காடி எடுத்து, எமல்ஷன் பூசி, செம்பு நாடா ஒட்டிய மரத்தடங்களே இருக்கின்றன. ஒரே சோடி டயரை இந்த நான்கிலும் ஓட்டிப் பார்த்தவர்கள், அந்த டயருக்கு 'நல்ல கிரிப்' என்று ஒற்றை வரியில் எழுத மாட்டார்கள்.

சிலிக்கோன் டயரை எடுத்துக்கொள்வோம். தூசியற்ற, வழவழப்பான, வண்ணம் பூசிய மரத்தடத்தில் அது அசாதாரணமாகப் பற்றும். அதே டயரைத் தூசி படிந்த தடத்தில் வைத்தால், ஓரிரு சுற்றிலேயே அதன் மேற்பரப்பில் சாம்பல் நிறப் படலம் ஏறி, பின்பக்கம் சோப்பின் மேல் போவதைப் போல வழுக்கத் தொடங்கும். ஒட்டுநாடாவின் பசைப்பக்கத்தில் டயரை ஒருமுறை உருட்டி எடுத்தால் பற்றும் தன்மை உடனே திரும்பிவிடும். நாடாவில் பதியும் தூசித்தடமும் பார்க்க வேண்டிய ஒன்று. டயரின் முழு அகலமும் தரையைத் தொட்டிருந்தால் பட்டை சீராகப் பதியும், ஓரம் மட்டும் தொட்டிருந்தால் ஒரு கோடு மட்டுமே விழும். யூரித்தேன் டயர் இந்த அளவுக்குத் தூசிக்கு அஞ்சுவதில்லை. அதனால்தான் கரேராவிலும் மரத்தடத்திலும் அதை விரும்புபவர்கள் பலர். சாதாரண ரப்பர் டயர், ஓட ஓடத் தன் துகளைத் தடத்தில் படியவிட்டு, அந்தப் படிவின் மேல் இன்னும் நன்றாக ஓடும். ஆனால் சிலிக்கோன் டயர்கள் ஓடிய தடத்தில் அடுத்ததாக ரப்பர் டயர்கள் இறங்கினால் அவை தடுமாறுகின்றன என்ற முறையீடு எங்கும் உண்டு. ஆகவே பல மன்றங்கள் ஒரு தடத்துக்கு ஒரே வகை டயர் என்று விதி வைத்திருக்கின்றன.

டயரின் பொருள், தடத்தின் மேற்பரப்பு, தடத்தில் சற்றுமுன் எது ஓடியது என்ற மூன்றும் சேர்ந்து விளைவிப்பதைத்தான் ஓட்டுநர்கள் கிரிப் என்கிறார்கள். அது டயருக்கும் தடத்துக்கும் இடையிலான உறவைக் குறிப்பது. 'பிடிப்பு' என்று மட்டும் வைத்தால், 'இந்த டயரின் பிடிப்பு என்ன?' என்ற தவறான கேள்வி தானாகவே எழும். 'தடப்பிடிப்பு' என்று வைத்தால், கேட்பவரே 'எந்தத் தடத்தில்?' என்று சேர்த்துக் கேட்பார். நல்ல கலைச்சொல் இந்த வேலையையும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

'தடம் பிடித்தல்' என்றால் காலடியைப் பின்தொடர்தல் என்று பொருள்படாதா என ஒருவர் கேட்கக்கூடும். தடத்தைப் பிடிப்பது வேறு, தடத்தில் கிடைக்கும் பிடிப்பு வேறு. மகரம் கெட்டு வல்லினம் மிகுந்து 'தடப்பிடிப்பு' என்று ஒரு சொல்லாகி நிற்கும்போது இரண்டாவது பொருளே முன்வருகிறது. சேர்த்தே எழுத வேண்டும் என்ற குறிப்பையும் பதிவில் இடலாம்.

'இழுவை' ஏற்புடையதன்று. காற்றியக்கவியலில் டிராக் என்னும் எதிர்விசைக்கு அது நிலைபெற்றுவிட்டது. காரை முன்னே செலுத்த உதவுவதற்கும் பின்னே இழுப்பதற்கும் ஒரே சொல் இருந்தால், பந்தயக் கார் பற்றிய எந்தக் கட்டுரையும் இரண்டாவது பத்தியிலேயே சிக்கிக்கொள்ளும். 'பற்றுமை' செவிக்கு இனிதாக இருந்தாலும் ஒட்டும் பசைத்தன்மையோடு மயங்குகிறது. தொட்டால் பிசுபிசுக்கும் டயர் வளைவில் நிற்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

'உராய்வுத்திறன்' என்பதை முன்மொழிந்த நண்பரின் வாதம் வலுவானது என்பதால் அதற்குத் தனியே விடை கூற வேண்டும். இயற்பியலில் இருக்கும் சொல்லையே பயன்படுத்தலாமே என்கிறார். பள்ளியில் நாம் படித்த உராய்வு விதிப்படி, உராய்வு விசை எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், தொடும் பரப்பைப் பொறுத்து மாறாது. ரப்பர் இந்த விதிக்கு அடங்குவதில்லை. ரப்பரின் உராய்வுக்கு இரண்டு ஊற்றுக்கண்கள் உண்டு. மேற்பரப்பு உண்மையில் தொட்டு ஒட்டிக்கொள்வது ஒன்று, சொரசொரப்பின் மேல் ரப்பர் நசுங்கி மீளும்போது ஆற்றலை இழப்பது மற்றொன்று. ரப்பர் உராய்வை ஆராய்ந்த கிரோஷ் 1963இல் வெளியிட்ட ஆய்வு, இந்த உராய்வு வழுக்கும் வேகத்தோடும் வெப்பநிலையோடும் சேர்ந்து மாறுவதையும், அது ரப்பரின் பாகுமீள்தன்மையோடு (பாகைப் போல நெகிழ்ந்தும் வில்லைப் போல மீண்டும் நடந்துகொள்ளும் தன்மையோடு) பிணைந்திருப்பதையும் காட்டியது. வழவழப்பான தடத்தில் மென்மையான டயரும் சொரசொரப்பான தடத்தில் வேறு கலவையும் வெல்வது ஏன் என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. எனவே 'உராய்வு' இயற்பியல் சொல்லாகவே இருக்கட்டும். ஓட்டுநர் உணரும் மொத்த விளைவுக்குத் தனிச்சொல் தேவை.

மற்றொன்றையும் இங்கே வலியுறுத்த வேண்டும். தேர்வு செய்யும் சொல் புகழ்ச்சியைச் சுமந்து வரக் கூடாது. 'நற்பிடிப்பு' என்று வந்த திருத்தத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே. பல கார்களின் அடியில், தடத்தின் உலோகப் பட்டையைக் கவ்வ ஒரு காந்தம் இருக்கும். அந்தக் காந்தம் நீக்கிய காரில் பின் டயர்களின் தடப்பிடிப்பு அளவுக்கு மீறினால், கார் வளைவில் மெல்ல வழுக்கி வேகத்தை இழப்பதற்குப் பதிலாக, வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் எழும்பிக் கவிழும். எடை உயரமாக அமைந்த, அகலம் குறைந்த பழைய வகைக் கார்களில் இது இன்னும் விரைவாக நேரும். முன் டயர்களுக்கோ தடப்பிடிப்பு குறைவாக இருப்பதே விருப்பம். காரைத் திருப்புவது வழிகாட்டி என்பதால், முன் டயர்கள் பற்றினால் அதற்கு எதிராக இழுக்கும். அதனால் அவற்றின் மேல் நகப்பூச்சையோ சூப்பர் குளூவையோ மெல்லியதாகப் பூசிக் கெட்டியாக்குகிறார்கள். ஒரே காரில் முன்னே குறைவாகவும் பின்னே மிகுதியாகவும் வேண்டப்படும் பண்புக்கு நடுநிலையான பெயரே பொருந்தும்.

அளவீட்டுக்கும் இந்தச் சொல் இடம் தருகிறது. காந்தத்தைக் கழற்றிய காரை, அதே தடத்தின் ஒரு துண்டின் மேல் குறுக்காக வைத்து, துண்டின் ஒரு விளிம்பை மெதுவாக உயர்த்தினால், ஏதோ ஒரு கோணத்தில் கார் பக்கவாட்டில் நழுவும். இயற்பியலில் படித்த சறுக்குக் கோணம் இதுதான். அந்தக் கோணம் 45 பாகை என்றால் உராய்வுக் குணகம் 1. முன் டயர்களைத் தொடாமல் பின் டயர்களை மட்டும் மாற்றி மாற்றி வைத்தால், கோணங்களின் வேறுபாடு பின் டயர்களால் வந்தது. கார் ஓடும்போது இருக்கும் வெப்பமும் வேகமும் இதில் இல்லை என்பதால், இது சுற்று நேரத்துக்கு மாற்றாகாது. ஆனால் இரண்டு டயர்களை ஒரே தடத்தில் ஒப்பிட எவரும் வீட்டிலேயே செய்யக்கூடியது. காந்தத்தைக் கழற்ற மறந்தால், தடத்தின் உலோகப் பட்டையைக் காந்தம் கவ்வுவதையே டயரின் திறமை என்று எழுதிவிடுவோம்.

இதையொட்டி, டயரைத் தேய்த்துச் சரியான வட்டமாக்குவதைக் குறிக்கும் 'ட்ரூயிங்' என்ற சொல்லையும் பேசித்தான் ஆக வேண்டும், ஏனெனில் அதைச் செய்யாமல் எந்த ஒப்பீடும் செல்லாது. பெட்டியிலிருந்து எடுத்த டயர் பெரும்பாலும் சரியான வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் மேடாக இருக்கலாம், அல்லது உள்விளிம்பு உயர்ந்து வெளிவிளிம்பு தாழ்ந்திருக்கலாம். முதலில் டயரை ரிம்மோடு ஒட்டுகிறார்கள். பிறகு டயரின் மேல் மார்க்கரால் முழுவதும் வண்ணம் தீட்டி, 240 எண் உப்புத்தாளின் மேல் பின் சக்கரங்களை வைத்து, குறைந்த மின்னழுத்தத்தில் மெதுவாகச் சுழலவிடுகிறார்கள். மேடான இடங்களில் வண்ணம் உடனே போய்விடும், பள்ளமான இடத்தில் தங்கும். கடைசி வண்ணக்கீற்றும் மறையும்போது டயர் முழு அகலத்திலும் வட்டமாகிவிட்டது என்று பொருள். அதன்பின் 400 எண் தாளால் மெருகிட்டு முடிக்கிறார்கள். யூரித்தேனைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார்கள். சிலிக்கோன் சாதாரண உப்புத்தாளுக்கு இணங்காது, சூப்பர் குளூவும் அதில் பிடிக்காது. அங்கே ரிம்மை வட்டமாக்கி, சிலிக்கோன் பசையால் டயரை ஒட்டுவதே வழி.

இதற்கு 'வட்டமிடல்' என்றும் 'சாணையிடல்' என்றும் பரிந்துரைகள் வந்துள்ளன. முன்னது அகலத்தில் உள்ள சரிவை விட்டுவிடுகிறது, மேலும் பருந்தையும் நினைவூட்டுகிறது. பின்னது கருவியைச் சொல்கிறதே தவிர நோக்கத்தைச் சொல்லவில்லை. சைக்கிள் கடைகளில் சக்கரத்தின் 'கோட்டம் எடுப்பது' என்று சொல்வதைக் கேட்டிருப்போம். பழந்தமிழில் கோட்டத்துக்கு எதிர்ச்சொல்லாக வழங்கியது செப்பம். குறைக்குக் 'கோட்டம்', அதை நீக்கும் செயலுக்குச் 'செப்பமிடல்', அதற்கான பொறிக்குச் 'செப்பமிடு பொறி' என்று வைத்தால், கடைத்தெரு வழக்கும் பழைய வழக்கும் ஒரே இடத்தில் சேர்கின்றன. 'டயரின் கோட்டத்தைச் செப்பமிட்டபின் ஒப்பிடுக' என்ற தொடர் எவருக்கும் புரியும். செப்பமிட்ட டயர் விட்டத்தில் குறையும் என்பதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். விட்டம் குறைந்தால் ஒரு சுழற்சியில் கார் கடக்கும் தொலைவு குறைகிறது, காரின் அடிப்பகுதியும் தாழ்கிறது. காந்தமுள்ள காரில் காந்தம் உலோகப் பட்டையை நெருங்குவதால் டயர் திடீரென்று மேம்பட்டதைப் போலத் தோன்றும். எனவே வெர்னியரால் அளந்து, விட்டங்களைச் சமமாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

'காம்பவுண்ட்' பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'சேர்மம்' என்பது வேதியியலில் தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் பிணைந்த பொருள். டயரின் காம்பவுண்டோ ரப்பர், நிரப்பிகள், எண்ணெய், கந்தகம் போன்றவற்றைக் கலந்து செய்வது. 'கலவை' போதும், இரண்டு வகைகளை வேறுபடுத்தும்போது 'டயர்க்கலவை' என்று விரிக்கலாம். 'டயர்' அப்படியே இருக்கட்டும். உருளிப்பட்டை என்பது பட்டியலில் இணைச்சொல்லாக நிற்பதில் எனக்கு மறுப்பில்லை.

'ஹார்ட்னெஸ்' என்பதற்குக் 'கடினம்' என்று முன்பே முடிவு செய்திருக்கிறோம். அதன் விளக்கத்தில் ஒரு திருத்தம் தேவை. ஷோர் ஏ என்பது ரப்பரில் ஊசியை அழுத்திக் கடினத்தை அளக்கும் அளவுகோல். 'ஷோர் ஏ எண் குறைந்தால் பிடிப்பு கூடும்' என்ற வரியை நீக்கிவிட வேண்டும். மேலே சொன்னபடி அது தடத்துக்குத் தடம் மாறும். தவிர, ஷோர் ஏ அளவீட்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மாதிரி தேவை. ரிம்மின் மேல் ஏற்றிய காடிக் கார் டயரில் அத்தனை தடிமன் இருப்பதில்லை. ஊசி அழுத்தும்போது அடியிலுள்ள ரிம்மின் விறைப்பும் அளவில் கலந்து, டயர் உள்ளதைவிடக் கடினமாகத் தெரியும். ஒரே அளவு ரிம்மும் ஒரே தடிமனும் கொண்ட டயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே அந்த எண் உதவும்.

பதிவுக்கான வரையறையை இவ்வாறு தருகிறேன். தடப்பிடிப்பு: குறிப்பிட்ட தடத்தில், அத்தடத்தின் அப்போதைய நிலையில், டயர் வழுக்காமல் தாங்கும் விசையின் அளவு; தடத்தின் பெயரைச் சொல்லாமல் இதைக் குறிப்பிடக் கூடாது. செப்பமிடல்: ரிம்மில் ஏற்றிய டயரின் கோட்டத்தை நீக்கி, அதை முழு அகலத்திலும் ஒரே விட்டம் உடையதாக்குதல்.

'அப்போதைய நிலை' என்ற தொடரில் தூசி, ரப்பர்ப் படிவு, வெப்பநிலை மூன்றும் அடங்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க வணிகத் தடங்களில் பிடிப்பு கூடுவதற்காகத் தடத்தின் மேலேயே பூசும் பசையும் இதில் அடங்குமா, அல்லது அதற்குத் தனிப்பதிவு வேண்டுமா என்பதை மரத்தடத்தில் ஓட்டிப் பழகிய நண்பர்கள் அடுத்த மடலில் தெரிவிக்க வேண்டுகிறேன்.