பாயிண்ட் 22 தோட்டா சேம்பரில் சிக்குது, அவசரம்

செந்தூல்_50மீ:
வணக்கம். கிளப் துப்பாக்கி, போல்ட் ஆக்‌ஷன் (போல்ட்டைக் கையால தள்ளி மூடுறது), பாயிண்ட் 22. தோட்டா சேம்பருக்குள்ள, அதாவது குழலோட பின்பக்கம் அது உட்கார்ற இடத்துல, முக்கால்வாசி போய் நின்னுடுது, அழுத்தினாத்தான் போல்ட் மூடுது. சுட்டபிறகு வெற்றுக் கூடு வெளிய வரமாட்டேங்குது. போன மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. தோட்டா மட்டமா? சனிக்கிழமை போட்டி லா, சீக்கிரம் சொல்லுங்க.

ஆயர்_ஈத்தாம்:
எந்த பாயிண்ட் 22? ஷார்ட், லாங், லாங் ரைபிள், மேக்னம், எல்லாத்தையும் அப்படித்தான் சொல்றாங்க. பெட்டியில என்ன போட்டிருக்கு, குழல்ல என்ன பொறிச்சிருக்கு?
முதல்ல அழுத்தி மூடுறத நிறுத்துங்க. பத்த வைக்கிற மருந்து கூட்டோட அடி விளிம்புக்குள்ளதான் இருக்கு. போல்ட் முழுசா பூட்டுமுன்ன விளிம்பு நசுங்கினா அங்கேயே வெடிக்கும்.

பழைய_குறி:
மாசத்துக்கு ஒரு தடவை இதே கேள்வி. தேடல் பெட்டி மேலேயே இருக்கு, தம்பி. எல்.ஆர். (லாங் ரைபிள்) சேம்பர்ல மேக்னத்தைத் திணிச்சிருப்பீங்க. எல்.ஆர். கூடு 5.7 மி.மீ. தடிமன், மேக்னம் 6.1. நுழையாது.

ஆயர்_ஈத்தாம்:
நுழையாதுன்னா அவருக்கு போல்ட்டே மூடியிருக்காதே, ஐயா. அதைவிட மோசம் தலைகீழா நடக்கிறது: எல்.ஆர். தோட்டா மேக்னம் சேம்பர்ல லொடலொடன்னு உட்காரும். சுட்டா கூடு ஊதிப் பிளந்து, புகை முகத்துக்குத் திரும்பும்.

கிளாங்_பட்டறை:
என் கணக்கு வேற. யாரோ வெறும் சேம்பர்ல ட்ரிகர் இழுத்துப் பழகியிருப்பாங்க. தோட்டாவை அடிக்கிற ஊசி சேம்பர் விளிம்புல இடிச்சு ஒரு பிசிறு எழும்பும். வெற்றுக் கூட்டைப் பாருங்க: விளிம்பு பக்கத்துல நீளமா ஒரே கோடா கீறல் இருந்தா பிசிறு. பளபளப்பு தேய்ஞ்சது வாய்ப்பக்கம் மட்டும்னா வேற காரணம்.

செந்தூல்_50மீ:
குழல்லயும் பெட்டியிலயும் எல்.ஆர்.தான். கீறல் இல்ல, வாய்ப்பக்கம் கறுப்பா இருக்கு. ரெண்டு வாரம் புதுப் பிள்ளைங்க இதுலதான் ஷார்ட் சுட்டாங்க. அது முக்கியமா?

ஆயர்_ஈத்தாம்:
அதானே விஷயம்! ஷார்ட் கூடு 10.7 மி.மீ. நீளம், எல்.ஆர். 15.6. ஷார்ட் சுடும்போது முன்னால கிட்டத்தட்ட 5 மி.மீ. சேம்பர் வெறுமையா கிடக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் கரியும் ஈயமும் மெழுகும் அங்க வளையமா படியும். அடுத்து வர்ற எல்.ஆர். அந்த வளையத்துல இடிக்குது. வெடிச்சதும் கூடு விரிஞ்சு அதுலயே கவ்விக்குது, கூட்டை இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கி என்ன பண்ணும்?

தோட்டா உள்ள இல்லைன்னு உறுதி பண்ணிட்டு போல்ட்டைக் கழட்டுங்க. வெங்கலத் தூரிகையில கரைப்பான் தொட்டு, பின்பக்கத்துல இருந்து சேம்பருக்குள்ள விட்டு சுத்துங்க. 15 நிமிஷம் ஊறட்டும், திரும்பவும் சுத்துங்க, அப்புறம் துணி. டார்ச் அடிச்சா கறுப்புப் பட்டை போயிருக்கணும். எஃகு எதையும் விட்டுச் சுரண்டாதீங்க. சேம்பர் கீறினா அதுக்கு மருந்தே இல்ல.

பழைய_குறி:
ஷார்ட் எல்லாம் திருவிழாக் கடை பலூனுக்கு. அதைப் பயிற்சிக்குக் கொடுத்ததே தப்பு.

கிளாங்_பட்டறை:
பலூனா? ஒலிம்பிக் 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் பிஸ்டலே 2004 ஏதென்ஸ் வரைக்கும் ஷார்ட்லதான் ஓடுச்சு. உதைப்பு கம்மி, அதுக்காகத்தான்.

பழைய_குறி:
அது பிஸ்டல். ரைபிள் குழலுக்குள்ள குண்டைச் சுழல வைக்கிற முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 40 கிரெயின் எடை குண்டுக்கு. ஷார்ட் 29 கிரெயின்தான். போட்டிக்கு ஹை வெலாசிட்டி, வேகமா போற தோட்டா, போடச் சொல்லுங்க, நேரா போகும்.

ஆயர்_ஈத்தாம்:
இதை மட்டும் கேட்காதீங்க. 32 டிகிரி வெயில்ல ஒலி வேகம் விநாடிக்கு 350 மீட்டர். ஹை வெலாசிட்டி 380 கிட்ட கிளம்பி, 50 மீட்டர் சேருமுன்ன ஒலி வேகத்துக்குக் கீழ இறங்கும். அந்த இடத்துலதான் குண்டு ஆடும். ஸ்டாண்டர்ட் தோட்டா 325 கிட்ட, தொடக்கத்துல இருந்தே அதுக்குக் கீழ. இலக்குல பத்து ரிங் 10.4 மி.மீ.தான், ஞாபகம் இருக்கட்டும்.

பழைய_குறி:
புத்தகக் கணக்கு.

கிளாங்_பட்டறை:
சேம்பர் சுத்தமானதும் தோட்டாப் பெட்டியை மாத்தாதீங்க. மாத்தினா பத்து இருபது குண்டு சும்மா சுடணும், குண்டு மேல இருக்கிற மெழுகு வேற வேற.

செந்தூல்_50மீ:
வளையம் போச்சு, ரெண்டு தடவை ஊற வெச்சேன். இப்ப விரலாலயே உள்ள போகுது. நன்றி அண்ணே.

ஆயர்_ஈத்தாம்:
இனி ஷார்ட் சுட்ட அன்னைக்கே தூரிகை போட்டுடுங்க.