சாப்பாடு போடப் போன இடத்தில் கரண்ட் பில் கட்டினேன்: நன்கொடை கொடுத்த அனுபவங்களைச் சொல்லுங்களேன்

காவிரிக்கரை (திருச்சி)

போன வருஷம் அப்பா திதிக்கு ஒரு குழந்தைகள் இல்லத்தில் மதியச் சாப்பாடு போடலாம் என்று கேட்கப் போனேன். வார்டன் அக்கா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள்: பிரியாணி, வடை பாயசம், பிறந்தநாள் கேக். செவ்வாயும் புதனும் வெறும் கட்டங்கள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பாடு மிஞ்சிப் போகுதுங்க. வாரக் கடைசியில கடைக்காரர்கிட்ட அரிசி கடன் சொல்றோம்" என்றார். வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். சொல்லத் தயங்கினார். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. மூன்று மாதமாக இழுத்துப் பிடித்துக் கட்டும் கரண்ட் பில், பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், பத்தாவது முடித்த ஒருத்திக்குப் பாலிடெக்னிக் ஃபீஸ், ராத்திரி கூடப் படுக்கும் ஆயாம்மாவின் சம்பளம். இதற்கெல்லாம் யாரும் வருவதில்லையாம். சாப்பாட்டுப் பணத்தை அப்படியே கரண்ட் பில்லுக்குக் கட்டிவிட்டு வந்தேன். அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. "அன்னதானம்னு நினைச்சுத்தானே கிளம்பின?" என்றார். அவரையும் கூட்டிப்போய் அந்தக் காலண்டரைக் காட்டினேன். இப்போது புதன்கிழமை காய்கறி அம்மா கணக்கு.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

உப்பளம் (வேதாரண்யம்)

நான் வாங்கும் பக்கத்தில் இருந்தவன், அக்கா. 2004 சுனாமியின்போது பதினேழு வயசு. முதல் வாரத்திலேயே லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கிழிசல், பொத்தான் இல்லாத சட்டை, எங்கள் ஊர் வெயிலில் கம்பளி ஸ்வெட்டர். கடலுக்குப் போய்ச் சம்பாதித்த ஜனம், ஊரார் உடுத்திக் கழித்த துணியைக் கையால் தொடக் கூசியது. குவியல் குவியலாக மண்ணோடு மட்கிப் போனது. அதை ஏற்றி வந்த லாரி வாடகைக்கு எத்தனை வீட்டுக்கு அடுப்பும் குடமும் வாங்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

ஒரே ஒரு குழு கையில் நோட்டோடு வந்தது. வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு வெறுங்கையோடு போனார்கள். நாங்கள் திட்டினோம். பத்து நாள் கழித்து, கேட்ட சாமான் கேட்ட வீட்டுக்கு வந்தது.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கமே கரையேறியது. அப்போது கொடுக்கும் பக்கம் நின்றேன். முதல் வேலையாக உள்கிராமங்களுக்குப் போன் போட்டுக் கேட்டோம். கூரை போயிருந்தது, தார்ப்பாய்தான் வேண்டும் என்றார்கள். சேர்ந்த பணம் முழுக்கத் தார்ப்பாயாகவே போனது.

பேரேடு (கோவை, ஆடிட்டர் ஆபீஸ்)

எங்கள் ஆபீசில் நன்கொடை ரசீது நிறையப் பார்ப்பேன். போன வருஷம் எனக்கே ஒரு போன் வந்தது. குழந்தைக்கு இதய ஆபரேஷன், இன்றைக்குள் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். பணத்தை நேராக ஆஸ்பத்திரிக் கணக்கில் கட்டுகிறேன், எஸ்டிமேட்டை மட்டும் அனுப்புங்கள் என்றேன். பேச்சு அங்கேயே நின்றது.

வரிச்சலுகை வேண்டுமென்றால், நாம் கொடுக்கும் அமைப்புக்கு 80ஜி என்ற வருமான வரித்துறை அங்கீகாரம் இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. நிதியாண்டு முடிந்ததும் அவர்களிடம் நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். புதிய வரிமுறைக்குப் போனவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. ஆனால் 80ஜி இருந்தாலே நல்ல வேலை நடக்கிறது என்று அர்த்தமில்லை. இதை என் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

இன்னொன்று. "சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஆயாம்மாவின் சம்பளமும் அதில்தானே வரும்?

வைகைமணல் (மதுரை)

பேரேடு சார் 80ஜி பற்றிச் சொன்னது ரொம்ப சரி. பாட்டிக்குக் கண்புரை எடுத்த நன்றிக்கு வருஷம் ஒருவருக்காவது ஆபரேஷன் செலவைக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு டிரஸ்டில், "முகாமில் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆச்சு, எத்தனை பேர் திரும்பச் செக்கப்புக்கு வந்தாங்க?" என்று கேட்டேன். பேனரும் பொன்னாடையுமாக ஆல்பத்தை எடுத்து நீட்டினார்கள். இன்னொரு இடத்தில், முகாமுக்கு வந்த ஒவ்வொருவரின் பார்வை அளவும் முன்னும் பின்னும் எழுதிய பதிவேடு இருந்தது. ஏழு பேர் திரும்ப வரவில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். அவர்களுக்குத்தான் கொடுத்தேன்.

இந்த ஊரில் வளர்ந்ததால் அப்படிக் கேட்கத் தோன்றியதோ என்னவோ. 1976-ல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, வசதியுள்ளவர் கொடுக்கும் கட்டணத்திலேயே இல்லாதவருக்கும் பார்க்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் எட்டாமல் இருந்தபோது, 1992-ல் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிலையத்தைத் தொடங்கி இங்கேயே மலிவாகச் செய்ய ஆரம்பித்தார்கள். ஒரு கண்ணுக்கு என்ன செலவு என்று பைசா பைசாவாகப் பார்த்ததால்தான் இது நடந்தது.

காவிரிக்கரை (திருச்சி)

வைகைமணல், உங்கள் பதிவைப் படித்ததும் வார்டன் அக்காவுக்குப் போன் போட்டேன். போன வருஷம் பத்தாவது முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே என்று இதுவரை நான் கேட்டதே இல்லை. ஒன்பது பேரில் ஆறு பேர் படிக்கிறார்கள், இருவர் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டார்கள், ஒருத்திக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதாம். சனிக்கிழமை நேரில் போகிறேன்.