பெருமாள்புரத்தில் இரண்டு போர்ஷன் வீடு, கீழ்வீட்டில் ஒத்தி: வாடகைக்காக வாங்கலாமா?

முதல்வீடு

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பாளையங்கோட்டை பெருமாள்புரத்துல ஒரு மாடி வீடு விலைக்கு வந்திருக்கு. கேக்கிற விலை 48 லட்சம். மேல்வீட்டு வாடகை 9,500. கீழ்வீட்டை 5 லட்சத்துக்கு ஒத்திக்கு (மொத்தமாப் பணம் வாங்கிக்கிட்டு வாடகை இல்லாம குடிவைக்கிறது, முடியும்போது பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும்) விட்டிருக்காங்க, முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. வாடகைக்கு விட்டா 8,500 போகும்னு அக்கம்பக்கத்துல சொல்லுதாங்க. விக்கிறவர், "ஒத்தியை நீங்களே ஏத்துக்கோங்க, விலையில 5 லட்சம் கழிச்சுக்கிடுதேன்" னு சொல்லுதார். எங்கிட்ட 15 லட்சம் இருக்கு, மீதிக்கு வீட்டுக்கடன். சம்பளம் 70,000. வாடகையிலயே மாசத் தவணை கழியுமா? வேற என்னென்ன பாக்கணும்?

வட்டிக்கணக்கு

கழியாது தம்பி. கணக்கைப் போட்டே பாத்திடுவோம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரை கடன் வாங்கினா வீட்டு மதிப்புல 80 சதவீதம்தான் கிடைக்கும். 48 லட்சத்துக்கு 38.4 லட்சம். மீதி 9.6 லட்சம் உங்க கைப்பணம். பத்திரச் செலவைக் கடன் கணக்குல சேக்க மாட்டாங்க. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 4.32 லட்சம். வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர், எம்.ஓ.டி. (வீட்டுப் பத்திரத்தை வங்கியில ஒப்படைச்சதுக்கான ஆவணம்) பதிவு எல்லாத்துக்கும் ஒரு அரை லட்சம் வைங்க. 14.4 லட்சம் ஆயிட்டு. பெயின்ட் அடிக்கவோ மோட்டார் மாத்தவோ கையில ஒண்ணும் மிஞ்சாது.

8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா மாசத் தவணை சுமார் 33,300. ரெண்டு போர்ஷனும் வாடகைக்குப் போனாலே 18,000தான். வருஷத்துல ஒரு மாசம் காலியாக் கிடக்கும்னு வச்சு, வீட்டுத் தீர்வைக்கு 6,000, பராமரிப்புக்கு 18,000 கழிச்சா மாசம் 14,500 நிக்கும். அந்தப் பணத்துல 16 அல்லது 17 லட்சம் கடனைத்தான் கட்ட முடியும். அதுக்கு மேல வாங்குற ஒவ்வொரு லட்சத்துக்கும் மாசம் 870 ரூபா சம்பளத்துல இருந்து போகும். இந்த வீட்டுக்கு மாசம் சுமார் 18,800 கைக்காசு போடணும்.

வருமான வரியையும் பாத்துக்கோங்க. முதல் வருஷ வட்டி மட்டும் சுமார் 3.23 லட்சம். வாடகையில வீட்டுத் தீர்வையையும் அப்புறம் 30 சதவீதத்தையும் கழிச்சு, வட்டியையும் கழிச்சா சுமார் 1.89 லட்சம் நஷ்டம் காட்டும். பழைய வரிமுறையில அதைச் சம்பளத்துல கழிக்கலாம், வருஷத்துக்கு 2 லட்சம் வரை. புதிய வரிமுறையில சம்பளத்தோட சேத்துக் கழிக்க முடியாது. வரி மிச்சமாகும்னு யாராவது சொன்னா எந்த முறையிலன்னு கேளுங்க.

இப்ப ஒத்திக்கு வருவோம். 5 லட்சம் கழியுதேன்னு சந்தோஷப்பட ஒண்ணுமில்ல. அதுக்குப் பதிலா மாசம் 8,500 வாடகையை விட்டுக் கொடுக்கீங்க. வருஷத்துக்கு 1,02,000. 5 லட்சத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல வட்டி கட்டுறதும் இதுவும் ஒண்ணுதான். வங்கியில 8.5க்குக் கிடைக்கிற பணத்தை இங்க 20க்கு வாங்கணுமா?

பத்திரம்பார்ப்பவர்

மேலே சொன்னது பணக்கணக்கு. எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்த ஒத்திப் பத்திரத்தைப் பற்றியது.

முதலில், அது பதிவான ஒத்தியா, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொண்டதா என்று கேளுங்கள். நம் பக்கத்தில் பாதிக்கு மேல் ஸ்டாம்ப் பேப்பர்தான். அது வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் சான்று) வராது. 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று நம்பி வாங்கினால், பணம் கொடுத்தவர் கீழ்வீட்டில் குடியிருப்பார். பதிவாகாத அடமானம் சட்டப்படி செல்லாது என்பது உண்மை. ஆனால் ஒருவர் குடியிருக்கும் வீட்டை வாங்கினால், அவருக்கு என்ன உரிமை என்று விசாரித்தே வாங்கினீர்கள் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வழியில்லை. வங்கியின் மதிப்பீட்டாளரும் வீட்டுக்கு வருவார். ஒத்தி என்று தெரிந்தால் கடன் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

ஒத்தியைக் கழித்து 43 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் தீர்வை குறையும் என்று சொல்வார்கள். குறையாது. அடமானத்தோடு வாங்கும்போது தீராத அடமானத் தொகையும் விலையில் சேர்ந்ததாகவே முத்திரைச் சட்டம் கணக்கிடுகிறது.

செய்ய வேண்டியது: விற்பவரே ஒத்தியை மீட்டுக் கொடுக்க வேண்டும். கிரய உடன்படிக்கையில் அதை நிபந்தனையாக எழுதுங்கள். அவர் கையில் பணம் இல்லை என்றால், உங்கள் முன்பணத்திலிருந்து 5 லட்சத்துக்கு ஒத்திக்காரர் பெயரிலேயே டி.டி. எடுங்கள். வீடு காலியாகிச் சாவி கைக்கு வரும் அன்று கொடுங்கள். அசல் ஒப்பந்தத்தின் பின்பக்கம் "ஒத்திப் பணம் முழுவதும் பெற்றுக்கொண்டு வீட்டை ஒப்படைத்துவிட்டேன்" என்று எழுதி, இரண்டு சாட்சியோடு கையெழுத்து வாங்கி, அந்த அசலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பதிவான ஒத்தி என்றால் மீட்பு ரசீதும் பதிவாக வேண்டும். ரொக்கம் வேண்டாம்: கடனாகவோ வைப்பாகவோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் வருமான வரிச் சட்டத்தில் விதிமீறல், அபராதம் அதே தொகை.

இன்னொன்று. மேல்மாடிக்கு வரைபட அனுமதி இருக்கிறதா? கீழ்வீட்டுக்கு மட்டும் அனுமதி வாங்கி, பின்னால் மாடி எழுப்பிய வீடுகள் நிறைய. வங்கி அனுமதி உள்ள பரப்புக்குத்தான் மதிப்புப் போடும். 48 லட்சம் என்று பேசிய வீடு மதிப்பீட்டில் 38 ஆனால் கடன் 38இல் 80 சதவீதம்தான், மீதி உங்கள் தலையில்.

முதல்வீடு

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒத்தியை ஏத்துக்கிற பேச்சை விட்டுட்டேன். இன்னொரு யோசனை: தச்சநல்லூர்ல அப்பா பேர்ல ஒரு தரைத்தள வீடு இருக்கு, மாடி காலி. 900 சதுர அடி கட்டி ரெண்டு சின்னப் போர்ஷனா விட்டா?

கட்டுமானம்பாளை

இதுதான் சரியான கணக்கு. சதுர அடிக்கு 2,300 என்று வைத்தால் 20.7 லட்சம். போர்ஷனுக்கு 6,500 வாடகை என்றால் வருடம் 1.56 லட்சம், போட்ட பணத்துக்கு ஏழரை சதவீதம். பெருமாள்புரம் வீட்டில் ரெண்டு போர்ஷனும் நிரம்பினாலே நாலரைதான். மனைக்கு மறுபடி பணம் போடாததுதான் காரணம்.

ஆனால் கட்டுமுன் கீழ்வீட்டைப் பாருங்கள். தூண் போட்ட கட்டடமா, ஒன்பது அங்குலச் சுவர்தான் தாங்குகிறதா? தூண் என்றால் ஒரு மூலையில் தோண்டி அடித்தளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் பொறியாளர் அளக்க வேண்டும். மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். செதில் செதிலாகக் கழன்று மெலிந்திருந்தால், கான்கிரீட்டை உடைத்து நல்ல கம்பி வரும் இடத்திலிருந்து புதிதாகச் சேர்க்க வேண்டும். மேலே பதித்த தட்டோட்டையும் சுண்ணாம்புத் தளத்தையும் எடுத்துவிட்டுத்தான் கட்டுங்கள். அந்தச் சுமை எதற்கும் பயன்படாது, நீரையும் பிடித்து வைக்கும்.

கழிவறைத் தளத்தில் தண்ணீர் தேக்கிப் பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். துவாரத்தை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் கோடு போட்டு, 48 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் வந்தால் பெரும்பாலும் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம்தான். டைல்ஸ் ஒட்டிய பிறகு இதே கசிவு மொத்தத்தையும் உடைக்க வைக்கும்.

இரண்டு போர்ஷனுக்கும் தனித்தனி மின் இணைப்பு. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் இலவச 100 யூனிட் ஒரு முறைதான், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கும் மாறும். தண்ணீர் மோட்டாரை எந்த வீட்டு மீட்டரிலும் கோக்க வேண்டாம், அதில்தான் முதல் சண்டை வரும்.

மீட்டர் பலகையை இடுப்பு உயரத்துக்கு மேலேயே வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்ணார்பேட்டையும் சிந்துபூந்துறையும் பட்ட பாடு தெரியும்.

பத்திரம்பார்ப்பவர்

அப்பா பெயரில் மனை இருக்கும்வரை அவரும் கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். உரிமை இல்லாத வீட்டுக்கு நீங்கள் கட்டும் வட்டியை உங்கள் வருமானத்தில் கழிக்கவும் முடியாது. குடும்பத்துக்குள் தானசெட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. உடன்பிறந்தவர்களிடம் பேசி முடித்துவிட்டு எழுதுங்கள்.

குடிவைக்கும்போது ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை ஆணையத்தில் பதியுங்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு மாத வாடகை நின்று காலி செய்யச் சொல்லிப் போகும்போது, பதிவு இல்லாமல் மனு நிற்காது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை போதும், காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாவி கொடுக்கும் அன்றே மீட்டர் அளவு, ஃபேன், குழாய், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் படம் எடுத்துத் தேதியோடு இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டிக்கணக்கு

ஒண்ணு விட்டுப்போச்சு. ஒப்பந்தம் எந்த மாசம் முடியுதுன்னு பாத்து எழுதுங்க. ஆடியிலயும் மார்கழியிலயும் நம்ம ஊர்ல யாரும் பால் காய்ச்ச மாட்டாங்க. ஆனி கடைசியில ஒருத்தர் காலி பண்ணுனா ஆவணி வரைக்கும் வீடு சும்மா கிடக்கும். வைகாசியில 11 மாசத்துக்கு எழுதினா பங்குனியோட முடியும். பள்ளிக்கூட லீவுல வீடு தேடுற குடும்பங்க அப்பத்தான் வருவாங்க.