இரவு 8 மணிக்கு மேல் அவசரப் பிரிவு இல்லையாம்: எதிர்ப்பதா, ஏற்பதா?

திண்ணைக்காரன்:
எங்கள் வட்டார மருத்துவமனை வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். மருத்துவர் பற்றாக்குறையால் அவசர சிகிச்சைப் பிரிவு இரவு 8 முதல் காலை 8 வரை "தற்காலிகமாக" இயங்காதாம். அதற்குப் பிறகு என்ன என்பது "பரிசீலனையில்" இருக்கிறதாம். அடுத்த பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் 50 நிமிடம். எனக்கு எதிர்க்கத்தான் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
கோபப்படாமல் ஒரு கணக்குப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை பார்க்கிறார் என்றால், ஒரே ஒரு நாற்காலியில் எந்நேரமும் மருத்துவர் இருக்க 4.2 பேர் வேண்டும். விடுப்பு, காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் ஐந்து, ஆறு பேர் ஆகிவிடும். மயக்க மருந்து நிபுணர், அறுவை மருத்துவர், எக்ஸ்ரே எடுப்பவர், ரத்த வங்கி ஆள் என்று ஒவ்வொருவருக்கும் இதே பெருக்கல். இவர்கள் யாரும் இல்லாமல் சிவப்பு விளக்கை மட்டும் எரியவிட்டு என்ன பயன்?

லண்டனில் 2010இல் ஏறத்தாழ முப்பது மருத்துவமனைகள் பார்த்துவந்த பக்கவாத அவசர சிகிச்சையை எட்டே மையங்களுக்குள் கொண்டுவந்தார்கள். பலர் கூடுதல் தூரம் போக வேண்டியிருந்தது. ஆனாலும் இறப்பு குறைந்தது.

இரவுப்பணி:
நான் 14 வருடமாக அவசரப் பிரிவில் செவிலியர். லண்டன் மாநகரம் சார். எந்த மூலையிலிருந்தும் அரை மணி நேரத்துக்குள் ஆம்புலன்ஸ் போய்ச் சேர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அந்த எட்டு இடங்களை வைத்தார்கள். இங்கே 50 நிமிடம், அதுவும் வண்டி வீட்டு வாசலுக்கு வந்த பிறகு.

ஒரு நாள் இரவு இரண்டு மணி இருக்கும். ஒருவர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உதடு வீங்கி, மூச்சு விசில் அடிக்கிறது. கடுமையான ஒவ்வாமை. தொடையில் அட்ரினலின் போட்டோம். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. அப்புறம் வாய்விட்டு அழுதாள். அந்த மாதிரி நேரத்தில் குழந்தை சத்தமாக அழுதால் எங்களுக்கு நிம்மதி, மூச்சு உள்ளே போகிறது என்று அர்த்தம். ஒரு கால் செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டது என்றுதான் அழுதாள். அன்று பணியில் நிபுணர் யாரும் இல்லை, ஓர் இளம் மருத்துவரும் நானும்தான்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, அந்த ஊசியை ஆம்புலன்ஸிலேயே போடலாமே. மாரடைப்பு என்றால் ஆஞ்சியோ வசதி உள்ள இடத்துக்கு நேராகப் போவதே நல்லது. கண்டறிந்து 120 நிமிடத்துக்குள் அங்கே அடைப்பைத் திறக்க முடியுமானால் அதுதான் முதல் தேர்வு. இங்கே இறக்கி மறுபடி ஏற்றினால் நேரம் வீண். இங்கிலாந்தில் 2009க்கும் 2011க்கும் இடையே ஐந்து ஊர்களில் அவசரப் பிரிவை மூடினார்கள். 2018இல் வந்த ஆய்வு, அதனால் இறப்பு கூடியதற்கு உறுதியான சான்று இல்லை என்றது.

வாசகன்77:
"தற்காலிகம்" என்று எங்கள் தெருவில் வைத்த தடுப்பில் இப்போது கொடி படர்ந்து பூவே பூத்துவிட்டது. சும்மா சொன்னேன்.

சைரன்:
நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். தம்பி, அதே ஆய்வில் மூடிய பிறகு ஆம்புலன்ஸ் வேலை கூடியது, மருத்துவமனை போய்ச் சேர ஆகும் நேரமும் கூடியது என்று இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

உங்களுக்குக் கணக்கு பிடிக்கும், என் கணக்கையும் கேளுங்கள். போக 50 நிமிடம். அங்கே நோயாளியை ஒப்படைக்க, படுக்கை கிடைக்கும் வரை ஸ்ட்ரெச்சரோடு நடையில் நிற்க, நல்ல நாளிலேயே 30 நிமிடம். திரும்ப 50. ஒரு நோயாளிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி இல்லை. இரவில் இந்த வட்டாரத்துக்கு மொத்தமே இரண்டு வண்டி. இரண்டும் போய்விட்டால் மூன்றாவதாக அழைப்பவருக்கு யார் வருவார்கள்? வண்டியில் ஊசி போடலாம் என்கிறீர்கள். வண்டி இருந்தால் போடலாம்.

இரவுப்பணி:
இன்னொன்று. அந்தப் பெரிய மருத்துவமனைக்காரர்களும் சந்தோஷப்பட வேண்டாம். கலிஃபோர்னியாவில் 1999 முதல் 2010 வரை பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் ஓர் அவசரப் பிரிவு மூடப்பட்ட மருத்துவமனைகளில், அவசரப் பிரிவு வழியாகச் சேர்ந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் கூடியிருந்தது. இங்கே மூடினால் அங்கே வரிசை நீளும்.

கணக்குப்பிள்ளை:
சரி, வண்டி விஷயத்தில் சைரன் அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். வண்டியைக் கூட்டாமல் மூடுவது தப்பு. ஆனால் மருத்துவர் எங்கிருந்து வருவார் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. தூக்கமில்லாமல் தொடர்ந்து இரண்டு இரவு பார்த்த மருத்துவரிடம் என் அம்மாவைக் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

இரவுப்பணி:
எனக்கும்தான் இல்லை. பெரிய மருத்துவமனை மருத்துவர்களை மாதத்துக்கு இரண்டு மூன்று இரவு முறை வைத்து இங்கே அனுப்பலாமே. கேட்டால் "விதியில் இடமில்லை" என்கிறார்கள். மூடுவதற்கு மட்டும் விதியில் இடம் இருக்கிறது.

திண்ணைக்காரன்:
அடுத்த வாரம் பொதுமக்கள் கருத்துக் கேட்பு இருக்கிறது. இரவில் எத்தனை வண்டி கூடுதலாக வரும், மறுபடி திறக்கும் தேதி என்ன என்று இரண்டையும் எழுத்தில் கேட்கப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை:
தேதி கேட்டால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். எத்தனை மருத்துவர் சேர்ந்தால் திறப்பீர்கள் என்று எண்ணாகக் கேளுங்கள். "போதுமான" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

சைரன்:
அன்றைக்கு எனக்கு இரவுப் பணி. வண்டி சும்மா நின்றால் வருகிறேன்.